1868–1873: நெய்யூர் மருத்துவமனையை நடத்தியவர்கள் யார்?

பத்மநாபபுரத்தை அடுத்த நெய்யூரில் இலண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனையைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றில் போய் நிற்கின்றன. மருத்துவம் மதமாற்றத்துக்கு இட்ட தூண்டில் என்பது ஒன்று. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் நெய்யூரைக் கண்டு, அடுத்த ஆண்டே பணிக்கு வந்த ஹோவர்ட் சாமர்வெல்லோடுதான் அங்கே மருத்துவம் தலையெடுத்தது என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பவைபோலத் தோன்றினாலும் இரண்டுமே ஐரோப்பிய மருத்துவரை நடுவில் வைத்துத்தான் பேசுகின்றன. அதனால் 1864இல் அங்கிருந்த மிஷன் மருத்துவர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்காகத் தொடங்கிய மருத்துவ வகுப்பு இரண்டிலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த வகுப்பு மருத்துவமனையின் உபதொழில் அன்று, அதைத் தாங்கி நின்றதே அந்த வகுப்புதான் என்று கருத வலுவான காரணம் இருக்கிறது.

தூண்டில் வாதத்தின் தலையாய சான்று லோ 1886இல் வெளியிட்ட ‘மருத்துவ மிஷன்கள்: அவற்றின் இடமும் ஆற்றலும்’ என்ற நூல். நோய் தீர்க்கும் கை சுவிசேஷத்துக்கு வழி திறக்கிறது என்பதே அதன் மையக் கருத்து. அவரே ஒப்புக்கொண்டபின் வேறு சாட்சி எதற்கு என்று கேட்கிறார்கள். ஆனால் இந்த ஒப்புதலை யார், எப்போது, யாரிடம் தந்தார் என்று பார்க்க வேண்டும். லோ நெய்யூரை விட்டது 1868இல். நூல் எழுதும்போது அவர் எடின்பரோ மருத்துவ மிஷன் சங்கத்தின் பயிற்சி நிலையத்துக்குத் தலைவர். நன்கொடையாளர்களையும் மருத்துவ மாணவர்களையும் மிஷன் பக்கம் இழுப்பது அவருடைய அன்றாட வேலை. இங்கிருந்து டாக்டர்கள் போனால்தான் அங்கே வேலை நடக்கும் என்று சொல்ல வேண்டிய நிலையில் இருந்தவர், அங்குள்ளவர்களே வேலையை நடத்திவிட்டார்கள் என்பதை அழுத்திச் சொல்வாரா? பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் எடின்பரோவில் எழுதிய வேண்டுகோளை 1864இன் வகுப்பறைக்குச் சாட்சியாக நிறுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. நூல் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அதன் சாய்வு எந்தப் பக்கம் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறேன்.

சாய்வற்ற சான்று வெறும் ஆண்டுக்கணக்கில் கிடைக்கிறது. 1838இல் மிஷன் மருத்துவராக ராம்சே வந்தார். சில ஆண்டுகளில் விலகினார். 1852இல் லீச் வரும்வரை மருத்துவப் பணிக்கு ஆளில்லை. 1854இல் லீச் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். பணி மறுபடியும் நின்றது. 1861இல் லோ வந்த பிறகே தொடர்ந்தது. மூன்றாவது இடைவெளி 1868இல் லோ சென்றபோது விழுந்தது. அடுத்த ஐரோப்பிய மருத்துவர் தாம்சன் வந்தது 1873இல். இந்த ஐந்தாண்டும் நெய்யூர் பூட்டப்படவில்லை. வகுப்பில் பயின்று ‘மருத்துவ சுவிசேஷகர்’ என்ற பெயரில் பணியமர்ந்தவர்கள் நெய்யூரையும் கிளை மருந்தகங்களையும் நடத்தினார்கள். முந்தைய இரு இடைவெளிகளுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இடையில் ஒரு வகுப்பு நடந்திருந்தது என்பதே. லீச் திடீரென இறந்தார், லோ ஏற்பாடு செய்துவிட்டுப் போனார், இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் முன்னேற்பாட்டால் பணப்பெட்டியையும் மருந்து அலமாரியையும் ஒப்படைக்கலாம். சீழ்க்கட்டியைக் கீறவும் முறிந்த எலும்பைப் பொருத்தவும் தெரிந்த கையை ஒப்படைக்க முடியாது. அது முன்பே பழகியிருக்க வேண்டும். காலை ஜெபத்தில் வேதம் வாசித்தவரே பிறகு மருந்தும் கலந்தார் என்பதைத் தூண்டில் வாதத்தார் விடாமல் சுட்டுவார்கள். ஜெபம் சிறிது நேரம், வரிசையில் நின்ற நோயாளிகள் நாள் முழுக்க என்பதற்குமேல் அதற்கு விடை தேவையில்லை.

இனி சாதி. தலைநகரம் 1795இல் திருவனந்தபுரத்துக்குப் போனபின் பத்மநாபபுரம் வட்டாரத்தில் உண்டான வெற்றிடத்தை மிஷன் நிரப்பியது என்ற விளக்கம் பொருந்தாது. இந்த வட்டாரத்துக் கல்குளமும் விளவங்கோடும் வர்ம மருத்துவ ஆசான்களின் மண். அந்த ஆசான்களில் நாடார்கள் பலர். கைப்பக்குவம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. இல்லாதது பதவி. மேலாடைக் கலகம் ஓய்ந்து, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரச அறிவிப்பு வந்தது 1859இல். அதற்கு ஐந்தே ஆண்டில் இந்த வகுப்பு. தென் திருவிதாங்கூர் மிஷன் சபைகளில் மிகப் பெரும்பான்மையோர் நாடார்கள் என்பதால், சபை இளைஞருக்குத் திறந்த வகுப்பு யாருக்குத் திறந்தது என்பது வெளிப்படை. சென்னையில் முறையாக மருத்துவம் படித்த ஈழவரான பல்ப்புவுக்கே அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்தும் திருவிதாங்கூர் அரசு வேலை தர மறுத்தது. அவர் மைசூருக்குப் போக நேர்ந்தது. அரசு மருந்தகத்தில் மேசைக்கு அப்பால் உட்காரவே முடியாதவர்கள் நெய்யூரில் 1868லிருந்து மேற்பார்வைக்கு ஐரோப்பிய மருத்துவர் இல்லாமலே அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார்கள். இதைத் தூண்டில் என்ற ஒரே சொல்லில் அடக்குவது, அந்த நாற்காலியில் இருந்தவர்களை மறுபடியும் எழுப்பிவிடுவதாகும்.

அவர்கள் பட்டம் பெறாதவர்கள், ஆகவே அரைகுறை வைத்தியர்கள் என்ற மறுப்பு நெடிய பதிலுக்கு உரியதன்று. அண்டையிலிருந்த சென்னை மாகாணத்திலேயே மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது 1914இல்தான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் பயிற்றுவித்தவர்களைத் தமிழ் மருத்துவக் கல்வியின் முன்னோடிகளாக ஏற்கும் அறிஞர்கள் நெய்யூர் மாணவர்களிடம் மட்டும் பட்டச் சான்றிதழைக் கேட்பது எந்த அளவுகோல் என்று எனக்கு விளங்கவில்லை. சாமர்வெல்லின் அறுவைச் சிகிச்சைப் புகழைக் குறைப்பதும் என் நோக்கம் அன்று. அவர் வந்தது ஐம்பதாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பியர் இல்லாமலும் நடந்து காட்டிய ஒரு மருத்துவமனைக்கு; அவருடைய காலத்திலும் கிளை மருத்துவமனைகளில் நோயாளியை முதலில் பார்த்தவர்கள் உள்ளூர் மருத்துவர்களே.