நகரம் விரியும்போது சேரியின் விளிம்பில் முடியும் தெருக்கள்

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு எத்தனை வழிகளில், எவ்வளவு குறைந்த சுற்றில் செல்ல இயலும் என்பதன் அளவே தெரு இணைப்பு. நாற்சந்திகள் மிகுந்தால் இணைப்பு கூடும். முட்டுச்சந்துகள் மிகுந்தால் குறையும். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதிய தெருக்களின் இணைப்பு சரிந்து, 1990களின் நடுவில்தான் மீளத் தொடங்கியது என்பதை பாரிங்டன்-லீ, மில்லார்டு-பால் ஆகியோரின் 2015ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

சென்னையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகரில் ஒரு தெரு அடைபட்டாலும் அடுத்த தெரு உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளோ பெரிதும் தனித்தனி மனைப்பிரிவுகளாக வளர்ந்தவை. நெடுஞ்சாலைக்கு வாசலும் அண்டை மனைப்பிரிவுக்குச் சுவரும் வைத்தவை. 2011இல் 42 உள்ளாட்சிகளை இணைத்து, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. எல்லையை விரித்த வேகத்தில் தெருக்களை எவரும் இணைக்கவில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது? ஊருக்கும் சேரிக்கும் இடையே கிடந்தவை பெரும்பாலும் வயல்கள். அவற்றின் ஊடே சென்ற வரப்பும் வண்டிப்பாதையுமே சேரியை ஏரிக்கும் சுடுகாட்டுக்கும் பேருந்துச் சாலைக்கும் இணைத்தன. மனைப்பிரிவு வருவதும் அந்த வயல்களில்தான். ஆவணத்தில் ஏறாத பாதை, மனை வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை. புதிய தெரு சேரியின் விளிம்புவரை வந்து மதிற்சுவரில் முடிகிறது. பாதுகாப்புக்காக என்பார்கள், யாரிடமிருந்து என்று கேட்டால் விடை வராது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று இடிந்து 17 அருந்ததியர் உயிரைப் பறித்த சுவரைத் தீண்டாமைச் சுவர் என்றே இயக்கங்கள் அழைத்தன.

அனுமதி பெற்ற மனைப்பிரிவின் சாலைகள் தானப் பத்திரம் வழியே உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படுகின்றன. எனவே அவை பொதுத்தெருக்கள். அவற்றின் குறுக்கே எழும் சுவர் ஆக்கிரமிப்பே. அப்பத்திரத்தையும் அனுமதி வரைபடத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். பழைய வண்டிப்பாதைக்குக் கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பட்டா நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாக நடந்திருந்தால், 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப் பிரிவு 15 துணை நிற்கும். ஆனால் வழி அடைக்கப்பட்ட 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். பேச்சுவார்த்தையிலேயே இக்காலம் கரைந்துவிடக் கூடாது. சாலையையோ வழியையோ பயன்படுத்த விடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு 3(1)(இசட்ஏ)-இன்கீழ் குற்றமுமாகும்.

எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது, 'வேறு வழி இருக்கிறதே' என்பது. 20 ஆண்டுப் பயன்பாட்டால் விளைந்த உரிமைக்கு வேறு வழி இருப்பது தடையன்று. ஆயினும் அந்த வேறு வழி எத்தகையது என்பதை நீதிமன்றம் அறிய வேண்டும். பள்ளி, நியாயவிலைக் கடை, சுடுகாடு ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேர்த்தொலைவு எவ்வளவு, சுவரைச் சுற்றி நடக்கும் தொலைவு எவ்வளவு என அளந்து, சுவர் எழுமுன் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படத்துடன் மனுவில் இணைக்கிறோம்.