வெட்டுண்ட காடு துளிர்த்த வரலாறு

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியுமே நம் நினைவுக்கு வருகின்றன. லேவியர் நூல் 25-ஆம் அதிகாரமோ யூபிலி ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு விதிக்கிறது. ஆகவே, நிலத்துக்கு ஓய்வளித்து வாழ்வு பெற்ற ஒரு மக்களின் வரலாற்றை இவ்விழா மலரில் எடுத்துரைப்பது பொருத்தமே என எண்ணுகிறோம்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே உள்ளது ஷின்யாங்கா. மழை குறைந்த பூமி. அங்கு வாழும் சுகுமா மக்கள் உழவோடு மாடும் வளர்ப்பவர்கள். மழைக்காலம் தொடங்கியதும் ஒரு பகுதி நிலத்தை மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்து வைப்பது அவர்கள் வழக்கம். புல் வளர்ந்து விதை உதிர்க்கும், மரங்கள் தழைக்கும். வறட்சி முற்றி, பிற இடங்களில் புல் தீர்ந்தபின் அதனைத் திறந்துவிடுவர். கன்றுகளும் நோயுற்ற மாடுகளும் உயிர் பிழைக்கும். இவ்வடைப்புக்கு 'ங்கித்திலி' என்று பெயர்.

1920-களில் தொடங்கி, நோய் பரப்பும் ட்செட்சி ஈயை ஒழிப்பதற்காக ஆங்கிலேய ஆட்சியில் அங்கே காடுகள் வெட்டப்பட்டன. எஞ்சிய மரங்கள் பருத்தி வயலுக்காகவும் விறகுக்காகவும் சாய்ந்தன. 1970-களில் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் அரசு, சிதறி வாழ்ந்த மக்களைப் புதிய கிராமங்களில் குடியேற்றியது. பள்ளியும் மருத்துவமும் எளிதில் கிடைக்கச் செய்வதே நோக்கம். ஆயினும் மக்கள் தம் அடைப்புகளைக் கைவிட்டுப் போக நேர்ந்தது. காவலற்ற நிலம் கட்டாந்தரையாயிற்று. 1984-இல் அங்கு சென்ற அதே நைரேரே, அப்பகுதியைத் தான்சானியாவின் பாலைவனம் என்று குறிப்பிட்டார்.

1986-இல் 'ஹாஷி' என்னும் மண் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. முதலில் நாற்றங்கால் அமைத்து மரக்கன்றுகள் வளர்த்தனர். பின்னர் மக்களின் பழைய வழக்கத்தையே திட்டத்தின் அடிப்படையாக்கினர். அடைக்கப்பட்ட நிலத்தில், வெட்டுண்ட அடிமரங்கள் மீண்டும் துளிர்த்தன; மண்ணில் கிடந்த விதைகள் முளைத்தன. விதிகளை ஊர்க்கூட்டமே வகுத்தது. மீறியோருக்கு அபராதமும் விதித்தது. 1986-இல் ஏறக்குறைய 600 எக்டேராக இருந்த அடைப்புகள், திட்டம் முடிந்த 2004-க்குள் 833 கிராமங்களில் 3 லட்சம் எக்டேரைத் தாண்டின. விறகுக்காகப் பெண்கள் நடந்த தொலைவு குறைந்தது. பொது அடைப்புகளின் வருவாயில் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. 2002-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பரிசும் கிடைத்தது. குறையும் இல்லாமல் இல்லை: வசதி படைத்தோர் பரந்த நிலங்களை அடைத்துக்கொள்ள, ஏழைகளுக்குச் சிறு பங்கே எஞ்சியது.

ஈயை ஒழிக்க வந்தவர்களும் ஊர் அமைக்க வந்தவர்களும் நன்மையையே நாடினர். ஆனால் தலைமுறை தலைமுறையாக அங்கே மாடு மேய்த்தவனை அவர்கள் கேட்கவில்லை. அவனைக் கேட்டபின்தான் நிலம் துளிர்த்தது. ஓர் ஊருக்கு நன்மை செய்யப் புறப்படும் எவரும் முதலில் அவ்வூராரின் திண்ணையில் அமர்ந்து கேட்கவேண்டும் என்பதே இவ்வரலாற்றில் நாம் கற்கும் பாடம்.