கான்கிரீட் உத்திரங்களில் அயர்ச்சி: கணினி மாதிரியாக்க வரலாறு

ஒருமுறை ஏறினால் உத்திரம் எளிதில் தாங்கிவிடும் பாரம், லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும்போது மயிரிழை விரிசல்களை வளர்த்துவிடுகிறது. இதுவே அயர்ச்சி. காவிரிப் படுகையில் இதற்கு ஆளாகக்கூடியவை பாலங்கள்தாம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஆறுகள். சம்பா அறுவடை முடிந்ததும் இவற்றின் பாலங்கள் மேல் நெல்மூட்டை லாரிகள் ஓடுகின்றன.

அயர்ச்சி ஆய்வு இரும்பில் தொடங்கியது. ஜெர்மானியரான வோலர் 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சோதித்தார். பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றும் ஆயுளில் ஒரு பங்கைத் தின்கிறது என்ற கணக்கு பாம்கிரென் (1924), மைனர் (1945) வழி வந்தது. இரும்புக்கு இருப்பதுபோல் 'இதற்குக் கீழே பயமில்லை' என்ற தெளிவான எல்லை கான்கிரீட்டுக்குக் கிடையாது. ஒரு கோடி சுற்றுகளைத் தாங்க வேண்டுமானால், தகைவு, அதாவது பாரத்தால் ஒரு பரப்பின் மேல் விழும் விசை, கான்கிரீட்டின் வலிமையில் ஏறக்குறைய 55 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும்.

உத்திரத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தகைவைக் கணக்கிடும் முறைக்கு 1960இல் கிளஃப் 'முடிவுறு உறுப்பு' என்று பெயரிட்டார். 1967இல் நிகோவும் ஸ்கார்டெலிசும் அதைக் கம்பியிட்ட கான்கிரீட் உத்திரத்துக்குப் பயன்படுத்தினர். விரிசல் எங்கே வரும் என்பதை அவர்களே முன்கூட்டி வரைந்துகொண்டார்கள். விடையைப் பார்த்துக் கணக்குப் போட்ட மாதிரிதான், ஆனாலும் வழி திறந்தது அங்கேதான். மறு ஆண்டே ரஷீத் விரிசலைத் துண்டு முழுவதும் பரப்பிக் காட்டினார். இதில் வேறொரு சிக்கல்: துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க விடையும் மாறியது. விரிசல் திறக்கச் செலவாகும் ஆற்றலைக் கணக்கில் சேர்த்து ஹில்லர்போர்க் (1976), பசாந்த், ஓ (1983) ஆகியோர் அதைத் தீர்த்தனர். லட்சம் சுற்றுகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட எந்தக் கணினிக்கும் பொறுமையில்லை. எனவே சில சுற்றுகளைக் கணித்துவிட்டு ஆயிரக்கணக்கில் தாவுவதே வழக்கம்.

தமிழ்நாட்டில் இதற்கான களம் மெல்ல அமைந்தது. 1965இல் ரூர்க்கியில் தொடங்கிய கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இன்று சென்னை தரமணியில் அயர்ச்சிச் சோதனைக்கூடத்துடன் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐபிஎம் 370 கணினி வந்தது. கான்கிரீட் பாலங்களுக்கான ஐஆர்சி 112 விதிநூல் 2011இல் வெளியானது.

சாதாரணக் கம்பியிட்ட பாலத்தை அயர்ச்சி மட்டும் வீழ்த்துவது அரிது. துரு அதோடு கைகோத்தால் கதை வேறு. நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று கம்பியில் குழி பறிக்கிறது. குழியில் தகைவு குவிகிறது. அயர்ச்சி விரிசல் அங்கேயே பிறக்கிறது. ஆகவே பழைய பாலத்தை மாதிரியாக்குபவர் முதலில் அறிய வேண்டியது, கம்பி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே. அதற்குக் கோடைதான் வசதி. காவிரிக்கு நீர் விடும் மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடி ஜூன் 12இல் திறப்பது மரபு. இடைப்பட்ட கோடையில் ஆற்று மணலில் நின்றபடியே உத்திரத்தின் அடிவயிற்றைத் தட்டிப் பார்க்கலாம், காரையைக் கொத்திக் கம்பியை அளக்கலாம்.