நான்சன் கடவுச்சீட்டு

அயல்நாட்டிற் கடவுச்சீட்டைத் தொலைத்த பயணி தன் நாட்டுத் தூதரகத்தை நாடுவான். அவன் இன்னான் என்பது உறுதியானதும் அங்கு மாற்றுப் பத்திரம் வழங்கப்படும். அவனைத் தன் குடிமகனென ஏற்கும் அரசொன்று உண்டு என்பதே இவ்வொழுங்கின் அத்திவாரமாகும். அவ்வரசே அவனை மறுக்குமாயின் யாது செய்வது? 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பா இவ்வினாவை எதிர்நோக்கியது.

1917ஆம் ஆண்டுப் புரட்சியையும் உள்நாட்டுப் போரையும் அடுத்துப் பல இலட்சம் ருஷ்யர் நாடு நீங்கினர். அவர்கள் கைவசமிருந்தவை மறைந்துபோன சார் அரசின் பத்திரங்கள். பாரிஸிலிருந்த பழைய ருஷ்யத் தூதரகம், சோவியத் அரசைப் பிரான்சு 1924இல் அங்கீகரிக்கும் வரை, அரசில்லாத தூதரகமாகவே நிலைத்திருந்தது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1921 டிசம்பர் 15ஆந் திகதிய சோவியத் ஆணை நிலைமையை மேலும் இறுக்கியது. சோவியத் அதிகாரிகளின் அனுமதியின்றி வெளியேறியோரும் எதிர்ப்படைகளிற் பணியாற்றியோரும் குடியுரிமை இழந்தனர். பத்திரமில்லாதவனை ஒரு நாடு உள்ளே விடாது. அவன் தங்கியிருக்கும் நாடோ வெளியே அனுப்பவும் இயலாது. அரசுகள் இணக்கத்துக்கு வந்தமைக்கு இரக்கம் மட்டுமே காரணமென்று கொள்ளவியலாது.

சர்வதேச சங்கத்தின் அகதிகள் உயர் ஆணையாளராக 1921இல் நியமனம் பெற்றவர், வடதுருவ ஆய்வாளராகப் புகழீட்டிய நோர்வே நாட்டவரான பிரிட்ஜோவ் நான்சன். 1922 ஜூலையில் அவர் ஜெனீவாவிற் கூட்டிய மாநாடு புதியதோர் அடையாளச் சான்றிதழுக்கு உடன்பட்டது. நான்சன் கடவுச்சீட்டென வழங்கலாயிற்று எனினும், அதனை வழங்கியவர் நான்சனும் அல்லர். சர்வதேச சங்கமும் அன்று. அகதி தங்கியிருந்த நாட்டின் அரசே வழங்கிற்று. இவ்வொழுங்கு 1924இல் ஆர்மீனியருக்கும் 1928இல் அசீரியர் முதலியோருக்கும் விரிந்தது.

ஆயின் அதிலொரு பெருங்குறை இருந்தது. சான்றிதழோடு வெளியேறியவன் அதனை வழங்கிய நாட்டுக்கே மீளும் உரிமையுடையவனல்லன். திரும்பி வர உறுதியில்லாதவனுக்கு அனுமதி அளிக்க எந்நாடுதான் விரும்பும்? இதனை உணர்ந்த 1926ஆம் ஆண்டு மாநாடு மீள்வருகை விசாவுக்கு இடமளிக்குமாறு கோரியது. நான்சனின் உருவம் பொறித்த ஐந்து தங்கப் பிராங்கு முத்திரை அறிமுகமானதும் இவ்வேற்பாட்டின் கீழேயாம். வசதியுள்ள அகதி செலுத்திய கட்டணம் வறிய அகதிக்கு உதவும் நிதியாயிற்று. ஸ்ட்ராவின்ஸ்கி, நபக்கோவ் போன்ற கலைஞரும் இச்சான்றிதழைத் தாங்கியோரே. நபக்கோவ் அதனைத் தரங்குறைந்த பத்திரமென்றே தம் சுயசரிதையில் இகழ்கின்றார். எல்லைதோறும் அதிகாரிகளின் ஐயப் பார்வைக்குள்ளானவரின் மனக்கசப்பு அது. எனினும் அதுவுமில்லாதவனுக்கு எல்லையே திறக்கவில்லை.

நான்சன் 1930இற் காலமானார். அவர் பெயரால் நிறுவப்பெற்ற அலுவலகம் 1938இல் நோபல் சமாதானப் பரிசு பெற்று, அவ்வாண்டின் முடிவோடு கலைந்தது. மீள்வருகையை வழங்கிய நாட்டின் கடமையாக்கும் விதியோ, 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் அட்டவணையில் 13ஆம் பந்தியாக இடம்பெற்றது.