ஏறாத தேர்

நடைவண்டிக்கு என்ன வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க? தாத்தா காலத்துச் சாமான்னு சொல்லுவீங்க. சங்க காலத்துலயே அது இருந்திருக்கு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார்னு ஒரு புலவர். பத்துப்பாட்டுல பெரும்பாணாற்றுப்படை, பட்டினப்பாலை ரெண்டும் அவர் பாடினது. ரெண்டுலயும் பிள்ளைங்க உருட்டுற சின்னத் தேர் வருது. பட்டினப்பாலையில காவிரிப்பூம்பட்டினத்துப் பணக்கார வீடு. காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழி மேல, அந்த வீட்டுப் பொண்ணு காதுக் குழையைக் கழட்டி எறியுறா. அது போய் விழுந்து, குதிரை இல்லாம ஒரு பிள்ளை உருட்டிட்டு வர்ற மூணு சக்கரத் தேரை மறிக்குது.

பெரும்பாணாற்றுப்படையில வர்றது உழவர் வீடு. செவிலித்தாய் வச்சுப் பிள்ளை வளர்க்கிற அளவுக்கு அவங்க வசதி, என்னை மாதிரி இல்ல! அங்கயும் அதே தேர்தான். தள்ளாடித் தள்ளாடி உருட்டிக் களைச்ச பிள்ளை, பாலைக் குடிச்சுட்டுத் தூங்கிருது. அந்தத் தேரை, ஏறிப் போகாத தேர்னு புலவர் சொல்றாரு. எனக்கு முக்கியமாப் பட்டது அதுதான். பிள்ளை தன் கால்ல நிக்கணும், தானே தள்ளணும், பின்னாடியே நடக்கணும்.

இதை அப்புறம் வந்தவங்க ஒரு வரிசையாவே வச்சாங்க. எங்க ஊரு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்கு வர்றவங்க தூண் சிற்பங்களைப் பார்த்து அசந்து போறீங்க. அந்தப் பெருமாளைக் குழந்தையாக்கி, செங்கீரை, சப்பாணி, தளர்நடைன்னு பாடினவர் பெரியாழ்வார். பின்னால பிள்ளைத்தமிழ்னு தனி இலக்கியமே வந்துச்சு. அதுல பத்துப் பருவம். 3-ஆம் மாசத்துல தொடங்கி ரெண்டு ரெண்டு மாசமாக் கூட்டி 21-ஆம் மாசம் வரைக்கும் கணக்குச் சொல்லுவாங்க. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும்.

5-ல தலையைத் தூக்கி ஆடுற செங்கீரை. 7-ல தாலாட்டு. 9-ல கை கொட்டுற சப்பாணி. 13-ல நடந்து வான்னு கூப்பிடுற வருகை. 15-ல நிலாவை விளையாடக் கூப்பிடுற அம்புலி. ஆண்பிள்ளைக்கு 17-ல மணல் வீடு, 19-ல சிறுபறை, 21-ல சிறுதேர். பெண்பிள்ளைக்குக் கடைசியில அம்மானை, நீராடல், ஊசல். இதுல காசு குடுத்து வாங்க வேண்டியது எத்தனை? பாதிக்கு மேல கையும் காலும் மணலும் நிலாவும்தான்.

இப்ப ஏழாம் மாசமே பிள்ளையை சக்கரம் வச்ச வாக்கர்ல உட்கார வைக்கிறோம். பழைய கணக்குல அது தாலாட்டு மாசம்! நடைவண்டி, வாக்கர் ரெண்டுலயும் சக்கரம் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. வாக்கர்ல பிள்ளை இருக்கையில தொங்கிக்கிட்டு, கால் நுனியால உந்துது. நடை சீக்கிரம் வராது. படிக்கட்டுல உருண்டு மண்டை உடையுற ஆபத்தும் இருக்கு. அதனாலதான் கனடாவுல 2004-ல வாக்கர் விற்பனைக்கே தடை போட்டாங்க.

எங்க பக்கம் கலப்பை, மாட்டு வண்டி செஞ்ச ஆசாரிங்கதான் மிச்சக் கட்டையில நடைவண்டியும் செஞ்சாங்க. கலப்பை வேலை குறைஞ்சதும் அதுவும் குறைஞ்சுபோச்சு. ஆனா மரவேலை தெரிஞ்சவர்கிட்டக் கேட்டா இன்னைக்கும் செஞ்சு தருவாரு. முனையெல்லாம் இழைச்சு, அடிக்கட்டை கனமா இருக்கணும், இல்லைன்னா பிள்ளை பிடிச்சு எந்திரிக்கும்போது கவுந்துரும்.

ஃபிளாட்டுல இருக்கிறவங்க ஒரு அட்டைப்பெட்டியில நாலு கிலோ அரிசியைக் கட்டி வைங்க. நிக்கப் பழகின பிள்ளை அதைத் தள்ளிக்கிட்டே வீடு முழுக்கச் சுத்தும். கவுத்துப் போட்ட சட்டியும் மரக்கரண்டியும் சிறுபறை. தட்டுல ஈர மணல் சிற்றில். புளியங்கொட்டை மட்டும் வேண்டாம், வாயில போட்டுரும். கூட ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான். பெரும்பாணாற்றுப்படையிலயும் பிள்ளை களைச்சு வந்தப்ப அணைச்சுக்க ஒரு ஆள் இருந்தாங்க.