டுவிப்

டுவிப் என்பது கணினி வரைகலையிலும் ஆவண வடிவமைப்பிலும் பயன்படும் ஒரு நீள அலகு ஆகும். இது அச்சுக்கலையில் வழங்கும் புள்ளி என்னும் அலகின் இருபதில் ஒரு பங்காகும். ஓர் அங்குலம் 72 புள்ளிகள் கொண்டது. எனவே ஓர் அங்குலம் 1440 டுவிப்புகளுக்குச் சமம். ஒரு டுவிப் ஏறத்தாழ 0.0176 மில்லிமீட்டர் ஆகும். "புள்ளியின் இருபதில் ஒன்று" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே இப்பெயர்.

தேவை

படவணு (பிக்சல்) நிலையான நீளம் உடையது அன்று. ஓர் அங்குலத்தில் எத்தனை படவணுக்கள் அடங்கும் என்பது கருவியின் பிரிதிறனைப் பொறுத்தது. 96 படவணு நீளமுள்ள கோடு, பிரிதிறன் 96 கொண்ட திரையில் ஓர் அங்குலமாக இருக்கும். அதே கோடு பிரிதிறன் 600 கொண்ட அச்சுப்பொறியில் 0.16 அங்குலமாகச் சுருங்கிவிடும். நீளத்தை டுவிப்பில் குறித்தால் இரண்டிலும் அளவு மாறாது. அலகு மிகச் சிறியது என்பதால், பெரும்பாலான அளவுகளைப் பின்னம் இன்றி முழு எண்களிலேயே குறிக்கலாம்.

மாற்றும் முறை

டுவிப் எண்ணிக்கையைப் பிரிதிறனால் பெருக்கி 1440 ஆல் வகுத்தால் படவணு எண்ணிக்கை கிடைக்கும். ஒரு படவணுவுக்குரிய டுவிப்புகள் பின்வருமாறு:

- பிரிதிறன் 96 எனில் 15
- பிரிதிறன் 120 எனில் 12
- பிரிதிறன் 144 எனில் 10
- பிரிதிறன் 192 எனில் 7.5

பயன்பாடு

1998 இல் வெளியான விசுவல் பேசிக் 6 மொழியில் படிவங்களின் இயல்பான அளவலகு டுவிப் ஆகும். 2002 இல் வந்த விசுவல் பேசிக் டாட் நெட் அதற்குப் பதிலாகப் படவணுவை ஏற்றது. ஆர்.டி.எஃப் ஆவணங்களில் ஓரங்கள், உள்தள்ளல்கள் முதலியன டுவிப்பில் குறிக்கப்படுகின்றன. ஏ4 தாளின் அளவு அவற்றில் 11906 × 16838 டுவிப் ஆகும். பிளாசு கோப்புகளிலும் இப்பெயர் வழங்கியது. ஆனால் அங்கு அது படவணுவின் இருபதில் ஒரு பங்கைக் குறித்தது.

குறைபாடுகள்

திரையில் டுவிப் குறிப்பது உண்மையான அங்குலத்தை அன்று, இயங்குதளம் கருதிக்கொள்ளும் அங்குலத்தையே. விண்டோசு இயங்குதளம் இயல்பாகப் பிரிதிறனை 96 எனக் கொள்வதால், திரையில் அளவுகோலை வைத்து அளந்தால் வேறுபாடு தெரியும். ஒரு படவணு எப்போதும் 15 டுவிப் என நிலையாக எழுதப்பட்ட நிரல்களில், வேறு பிரிதிறன் அமைப்பில் படிவத்தின் கூறுகள் இடம் பிறழ்கின்றன. மேலும், ஒரு சென்டிமீட்டர் 566.93 டுவிப் ஆவதால் மெட்ரிக் அளவுகள் முழு எண்ணாக அமைவதில்லை.