நிக்கோடிமஸ்: விடுதலை பெற்றோர் கண்ட ஊர்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளியில், சாலமன் ஆற்றின் தென்கிளையருகே, நிக்கோடிமஸ் என்னும் சிற்றூர் உண்டு. அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களுக்கென 1877ஆம் ஆண்டு நிறுவப்பட்டது அது. வளமான மண், தம் இனத்தாரின் ஊர் என்று விளம்பரத் தாள்கள் ஆசை காட்டின. அவற்றை நம்பி, அவ்வாண்டு செப்டம்பரில் கென்டக்கியிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்து சேர்ந்தனர்.

வந்தவர் கண்டதென்ன? வீடு கட்ட மரமில்லை. மண்ணைத் தோண்டி அதனுள்ளே குடியிருந்தனர். முதற்குளிர்காலத்தில், வேட்டையினின்று மீண்ட ஓசேஜ் பழங்குடியினர் உணவளித்துக் காத்தனர். அடுத்த வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்னும் அம்மையார், ஊர் எங்கே என வினவினார். தரையிலிருந்து எழும் புகையைச் சுட்டி, அதுவே ஊர் என்றனர். அம்மையார் அழுதுவிட்டார். சிலர் வந்த வழியே திரும்பினர்.

நின்றவர்கள் மண்வெட்டியால் நிலம் கொத்தினர், பள்ளியும் கண்டனர். ஜென்னி ஃபிளெட்சர் முதல் ஆசிரியையானார். ஏர் இல்லாத நிலையிலும் ஏட்டை மறவாதவர் எனலாம்!

1880களில் கடைகளும் கோயில்களும் இரு செய்தித்தாள்களும் தோன்றின. குறைந்தது ஒன்றே: இருப்புப்பாதை. அதற்கென 16,000 டாலர் கடன்பத்திரம் வழங்க ஊரார் வாக்களித்தனர். ஆயினும் 1888இல் பாதை ஆற்றின் மறுகரையிலேயே போடப்பட்டது. ஊர்களின் ஆயுளைத் தண்டவாளமே அளந்த காலம் அது. வணிகர் கடைகளைப் பெயர்த்துக்கொண்டு, பாதையருகே தோன்றிய போக் என்னும் ஊருக்குச் சென்றனர். உழவர் பலர் அகலவில்லை.

1996இல் அமெரிக்க அரசு அவ்வூரைத் தேசிய வரலாற்றிடமாக அறிவித்தது. முன்னோடிகளின் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் அங்குக் கூடி விடுதலை விழா எடுக்கின்றனர்.